கணியூர்க் காட்டில் இறங்கிய பாறு

திருப்பூர் வீரபாண்டியில் உள்ள அந்தப் பனியன் கம்பெனியில் விஜயராணிக்கு வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். தைத்து வரும் பீஸை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, சாயம் மங்கின பாகம், பிரிந்த தையல், எது கண்ணில் பட்டாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே தள்ளிவிடுவாள். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு என்று வந்து சேர்ந்தவள், வருஷக்கணக்கில் நின்று நின்று, கடைசியில் செக்கிங் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். "அந்தக்கா கண்ணுல பட்டா சாமி சிலைக்கே ஸ்டிக்கர் ஒட்டீருமுங்க" என்று டெய்லர்கள் அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்ததால் பேச்சு திருப்பூர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. ஆத்திரம் வந்தால் மட்டும் சாத்தூர் எட்டிப் பார்க்கும். கணவன் முனீஸும் அந்தப் பக்கத்துக்காரன்தான். அதே கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான்.

அவளுக்குப் பாறுக் கழுகின் மேல் பிரியம் வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. கம்பெனியில் ஊட்டிக்கு டூர் போனார்கள். மசினகுடி வழியாகத் திரும்பும்போது முனீஸின் வேன் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானர் கேட்டுக்கொண்டிருந்தான். ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு எருமை செத்துக் கிடந்தது. அதைச் சுற்றி கழுத்தில் முடியில்லாத பெரிய பறவைகள். வேனிலிருந்த பெண்களெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். விஜயராணி மட்டும் இறங்கி நின்று பார்த்தாள். சண்டை போட்டன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்தன. ஆனால் வண்டி கிளம்பும்போது அங்கே வெறும் எலும்புக்கூடுதான் கிடந்தது. நாற்றம்கூடக் குறைந்துபோயிருந்தது. ரிஜக்ட் பண்ண ஒன்றுமே இல்லாத ஒரு வேலையை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கிறவர்களோடு குளத்துக்குப் போக ஆரம்பித்தாள். பாறுகள் ஏன் அழிந்தன என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். மாட்டுக்குப் போடும் சில வலி ஊசிகள் மாட்டை ஒன்றும் செய்யாது. அந்த மாடு செத்து, அதைத் தின்கிற பாறுக்கு மட்டும் சிறுநீரகம் கெட்டுப்போகும். தலை தொங்கிச் செத்துவிழும். தடை செய்த மருந்தே மாற்றுப் பெயரில் கடைக்கு வந்துவிடுகிறது. இதைச் சொல்லிக்கொண்டு அவள் பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று கால்நடை மருந்துக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். எந்தக் கடையிலும் யாரும் அவளை எதிர்த்துப் பேசவில்லை. "ஆமாங்க. ரொம்ப நல்ல விசயமுங்க. உக்காருங்க, டீ சொல்றேன்" என்பார்கள். அடுத்த மாதம் போனால் அதே மருந்து அதே அலமாரியில் இருக்கும். யாராவது ஒருத்தர் திட்டி வெளியே தள்ளியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரியாதையோடு முட்டிக்கொண்டால் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை.

முனீஸ்கூட ஒருநாள் கேட்டான். "இந்தப் பக்கம் பாறே கெடையாதே ராணி. இல்லாத பறவைக்கு எதுக்கு இவ்வளவு பாடு?"

"வந்தா?" என்றாள்.

வந்தது. ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் திரும்பிய சமயம். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். பேசியவள் பெயர் கீதாஞ்சலி. தமிழ்ப்பெண், வடக்கே ஒரு காட்டில் பாறு வளர்த்து வெளியே விடும் திட்டத்தில் ஆராய்ச்சியாளராக இருக்கிறாளாம். கூண்டில் பொரிந்து வளர்ந்த வெண்முதுகுப் பாறுகளை அங்கே முதுகில் சிறு கருவி கட்டிப் பறக்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து, மாநிலம் மாநிலமாகத் தாண்டித் தெற்கே வந்துவிட்டது.

"கணியூர்கிட்ட ஒரே இடத்துல இருக்குதுக்கா. சிக்னல் அசையவே மாட்டேங்குது. அடிபட்டுச்சா, பசியான்னு தெரியல. நான் ரயிலேறிட்டேன். ஆனா வந்து சேரணுமே. அதுக்குள்ள யாராவது போய்க் கண்ணால பாக்கணும். உங்க குரூப்ல உங்க நம்பர்தான் குடுத்தாங்க."

விஜயராணி கையிலிருந்த பீஸை அப்படியே டேபிளில் போட்டாள். நேராகப் புரொடக்‌ஷன் மேனேஜர் தரணீதரனிடம் போய் நின்றாள். அவளைவிட இளையவன், நல்ல பையன்தான். ஆனால் ஷிப்மென்ட் நெருங்கியிருந்தது.

"ஏனுங்க்கா, கழுகுக்கா லீவு கேக்கறீங்க?" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சரக்கு வாங்கற பையர் ஆளுங்க வர்ற நேரமுங்க. நீங்க இல்லாம லாட்டை யாருங்க பாஸ் பண்றது?"

"நம்ம செக்கிங் பரணி பாத்துக்குவான். நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

"அவனுக்குச் சாய ஷேடே பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க்கா."

உண்மைதான். ஆனாலும் அவள் போனாள். உடுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவன் சரி என்று சொல்லவேயில்லை என்பது ஞாபகம் வந்தது.

கணியூரில் இறங்கி வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஊரே ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. தென்னந்தோப்பெல்லாம் தாண்டி, அறுப்பு முடிந்த ஒரு சோளக்காட்டு வரப்பில், வேலமரத்தடியில் அது உட்கார்ந்திருந்தது. சுற்றி வட்டமாகக் கூட்டம். ஆளாளுக்குக் கையில் செல்போன். ஒருத்தன் மைக்கை வைத்துக்கொண்டு, "முதுகில் மர்மக் கருவியுடன் ராட்சதக் கழுகு, அண்டை நாட்டுச் சதியா?" என்று கத்திக்கொண்டிருந்தான். யாரோ கோழித் துண்டுகளை எறிந்திருந்தார்கள். பறவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலகைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

விஜயராணி போனில் சொன்னாள். "கீதாஞ்சலி, இது வெண்முதுகுப் பாறு இல்லை போலிருக்கே. முதுகு பழுப்பா இருக்கே."

"வயசு வந்தாத்தான்க்கா வெள்ளை வரும். இது இன்னும் சின்னது. இறக்கையில நாங்க மாட்டுன அடையாளப் பட்டை இருக்கா?"

இருந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்தவள், இது தெரியாமல் இருந்தோமே என்று உள்ளுக்குள் கூசிப்போனாள்.

கீதாஞ்சலி விவரமாகச் சொன்னாள். கிட்டே போகக்கூடாது. ஆட்களை விலக்க வேண்டும். கூண்டில் வளர்ந்ததால் இதற்கு இரை தேடத் தெரியவில்லை, பட்டினியில் இறங்கியிருக்கிறது. கையால் எறிகிற கறியைத் தின்று பழகவும் கூடாது. வெட்டவெளியில் முழு ஆடோ மாடோ கிடந்தால் அதுவே வந்து தின்னும். வயிறு நிறைந்து, வெயில் ஏறி, காற்று சூடானால் மேலே எழும்பிப் போய்விடும். "ஆனா அந்த ஆடு ஊசி போட்டதா மட்டும் இருக்கக்கூடாதுக்கா."

கூட்டத்தை விலக்குவதற்குள் விஜயராணியின் தொண்டை கட்டிவிட்டது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றால், "சரிங்க" என்று ஓரடி பின்னால் போய் ரெண்டடி முன்னால் வந்தார்கள். உளவுக் கழுகு என்று யாரோ போன் பண்ணி ஒரு போலீஸ்காரரும் வந்துவிட்டார். அவருக்குக் கீதாஞ்சலி போனில் முக்கால்வாசி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "சரி, இது ஃபாரஸ்ட் விசயம்" என்று கிளம்பிவிட்டார். ஆனால் அவர் வந்து போனதில் கூட்டம் பயந்து கலைந்தது. அந்த அளவுக்கு உபகாரம்.

அந்தச் சோளக்காடு கிட்டுசாமியுடையது. வேட்டியை மடித்துக் கட்டிய, மெலிந்த, அறுபதைத் தாண்டிய மனிதர். அவருடைய முகம் செத்துப்போயிருந்தது. ஏன் என்று அவருடைய ஆட்டுப்பட்டிக்குப் போனதும் தெரிந்தது. தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டிருந்தது. செத்த ஆடுகளைச் சாக்குப்படுதாவால் மூடி வைத்து, மாட்டாஸ்பத்திரி டாக்டருக்காகக் காத்திருந்தார். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் இழப்பீடு கேட்கவாவது முடியும்.

கேட்கவே விஜயராணிக்கு நாக்கு கூசியது. இருந்தாலும் கேட்டாள். "இதுல ஒண்ணை அந்தப் பறவைக்குத் தர முடியுங்களா?"

"அதுக்கென்னுங்க அம்மிணி, தாராளமா எடுத்துக்கலாமுங்க" என்றார் கிட்டுசாமி. "நீங்க வெயில்ல நிக்காதீங்க. ஊட்டுல வந்து ஒரு வாய் மோர் குடிங்க."

அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் ஆனது. முறைப்படி வனத்துறைக்கும் சொல்லிவிட வேண்டும் என்று கீதாஞ்சலி சொல்லியிருந்ததால், ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போனாள். அங்கே பட்டா நிலத்தில் இருக்கிற பறவை தங்கள் எல்லையில் வராது என்றார்கள். வேறொரு ஆபீசைச் சொன்னார்கள். அங்கே போனால் ஐயா கேம்ப் போயிருக்கிறார். ஐயாவின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். நடுவில் தரணீதரன் ரெண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சோளக்காட்டின் நடுவே ஒரு ஆடு கிடந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார் மனிதர் என்று விஜயராணிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. பாறு வரப்பிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி அந்த ஆட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆட்டின் கிழிந்த வயிற்று ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் என்னவோ சிதறிக் கிடந்தது. வயலுக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்து.

செருப்பைக்கூட உதறிவிட்டு ஓடினாள். பறவையைத் துரத்தலாம், ஆனால் துரத்தினால் எத்தனை நேரத்துக்கு? ஆட்டின் பின்னங்கால்கள் ரெண்டையும் பிடித்து இழுத்தாள். சோளத்தாளின் கட்டைகள் காலைக் கிழித்தன. பசி வெறியில் பாறு அவளுக்குப் பயப்படவேயில்லை. இறக்கையை அரைகுறையாக விரித்துக்கொண்டு, குதித்துக் குதித்து ஆட்டின் பின்னாலேயே வந்தது. "போ! போயித் தொலையேன்! இது வேணாம் ஒனக்கு!" என்று அவள் கத்திக்கொண்டே பின்பக்கமாக நடந்து இழுத்தாள். வாழ்நாளெல்லாம் கிட்டேயிருந்து பார்க்க ஆசைப்பட்ட பறவை கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. அவள் கையில் இருந்ததோ அதைக் கொல்லும் விஷம்.

கிணற்றடியில் மோட்டார் ரூம் திறந்திருந்தது. ஆட்டை உள்ளே இழுத்துப்போட்டு, தானும் உள்ளே புகுந்து, கதவைச் சாத்தினாள். வெளியே தகரத்தில் அலகால் தட்டும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தரணீதரன்.

"அக்கா, நேவி ப்ளூ ரெண்டாவது லாட் ஷேடு ஓகேங்களா? பரணி ஓகேங்கிறான்."

"என்னைக் கேக்காதய்யா!" என்று கத்திக் கட் பண்ணினாள்.

கொஞ்ச நேரத்தில் கிட்டுசாமியும் அவர் மனைவி ரங்காத்தாளும் வந்துவிட்டார்கள். ஆட்களைக் கண்டதும் பாறு வரப்புக்கு ஒதுங்கியது.

"ஏனுங்கம்மிணி, மோட்டார் ரூமுக்குள்ள என்னுங்க பண்றீங்க?"

விஜயராணிக்கு சாத்தூர் வந்துவிட்டது. "என்ன செஞ்சு வச்சிருக்கீக நீங்க? ஆடு தாரேன்னு சொன்னீகளே! வெஷத்தையா தாரேன்னு சொன்னீக?"

"உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கறனுங்க. இது நாய்க்குங்க."

"பக்கத்துல பறவை உக்காந்திருக்கே, அது திங்காதா?"

"கோழிக்கறி போட்டே தின்னுலீங்களே. இத மட்டும் தின்னும்னு நான் என்னுங்க கண்டேன்?" அவர் குரல் அப்போதும் உயரவில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

ரங்காத்தாள் குறுக்கே வந்தாள். "ஏனுங் கண்ணு, நான் ஒண்ணு கேக்கறேன். நாங்க நாய்த் தொல்லைக்கு எத்தனை ஆபீசுக்குப் போயி நின்னோமுன்னு தெரியுமா? ஒருத்தரு வந்து எட்டிப் பாக்குலீங்க. குட்டி போட்டு நாலு நாளான ஆடு, மடியோட கிழிச்சுப் போட்டுருக்குது. அந்தக் குட்டிக்கு நான் டம்ளர்ல பால் வாத்துட்டிருக்கறேன். ஒரு கழுகு எறங்குச்சுன்னதும் வடக்கே இருந்து ஆளு ரயிலேறி வருது, திருப்பூர்ல இருந்து நீங்க வாரீங்க, போலீஸ் வருது. எங்க ஆட்டுக்கு யாரு வந்தா?"

விஜயராணி சட்டம் சொல்லலாம், விஷம் வைப்பது குற்றம் என்று சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தக் குட்டிக்கு அது பதிலில்லையே. மோட்டார் ரூம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலிலிருந்து ரத்தம் வழிவதை ரங்காத்தாள்தான் பார்த்தாள். போய்த் தண்ணீரும் மஞ்சளும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டருக்கு நான் போன் போடுறேன்" என்றாள் விஜயராணி. "வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கேன்."

அப்படியே செய்தாள். பையர்களோடும் சாயப்பட்டறைக்காரர்களோடும் மல்லுக்கட்டிப் பழகிய குரல் அது. ஆஸ்பத்திரிக்குப் போட்டாள், உதவியாளருக்குப் போட்டாள், கீதாஞ்சலி சொன்ன யாரோ ஒரு அதிகாரிக்குப் போட்டாள். பொழுது இறங்கும் முன் டாக்டர் வந்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். வேறு ரெண்டு ஊர்களிலும் இதே கதையாம். ஆடுகளை அறுத்துப் பார்த்தார், படம் எடுத்தார், எழுதிக்கொடுத்தார். விஜயராணி பறவைக்கு ஒன்று வேண்டும் என்றதும், "இதுக்கு ஊசி ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப ஒண்ணைக் காட்டுலயே விடுங்க, மத்ததைப் புதைங்க. அந்த மருந்து வெச்சதை ஆழமாப் புதைங்க, கை படாம" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

"விடுங்க, ஒரு குழி வெட்டற வேலை மிச்சம்" என்றாள் ரங்காத்தாள். கிட்டுசாமி மண்வெட்டியை எடுத்தார். அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே விஜயராணி படுத்துக்கொண்டாள்.

காலையில் வெயில் மெல்ல ஏறும்போது பாறு ஆட்டின் மேல் இருந்தது. தலையை உள்ளே விட்டு இழுத்து, விழுங்கி, மறுபடி தலையை விட்டது. தோட்டத்து ஓரமாக நின்று மூன்று பேரும் பார்த்தார்கள். "அட, என்ன வேகமா உங்குது!" என்றார் கிட்டுசாமி. அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. முனீஸ் திருப்பூர் ஸ்டேஷனில் கீதாஞ்சலியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். கசங்கிய சுடிதாரும் தூங்காத கண்ணுமாக வந்தவள், பைனாகுலரில் ஒரு பார்வை பார்த்துவிட்டு விஜயராணியைக் கட்டிக்கொண்டாள். "பை நல்லா ரொம்பிருச்சுக்கா" என்றாள். கழுத்தடியில் தீனிப்பை பந்துபோல் புடைத்திருந்தது. "காத்து சூடாகட்டும். தானா எழும்பிடும்."

அதற்குள் ஜீப் வந்தது. முந்தின நாள் எந்த ஆபீசிலும் கிடைக்காதவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வலையோடும் கூண்டோடும் வந்திருந்தார்கள். அதிகாரியும் மரியாதையாகத்தான் பேசினார். வீடியோ எங்கேயோ பரவி, மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். பறவையைப் பத்திரமாகப் பிடித்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு.

"சார், அதுக்கு நோய் ஒண்ணுமில்ல" என்று கீதாஞ்சலி கெஞ்சினாள். "பசிதான். இப்ப தின்னிருச்சு. மத்தியானத்துக்குள்ள கிளம்பிடும். வெளியே விட்டு வாழ வைக்கறதுக்குத்தானே இத்தனை வருஷம் வளத்தோம்?"

"எல்லாம் சரிம்மா. கிளம்பிப் போயி கரண்ட் கம்பியில பட்டா? கரண்ட் எடுக்கற காத்தாடியில அடிச்சுச்சுன்னா? இந்தப் பக்கம் பூரா காத்தாடி. என் ஏரியாவுல செத்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"கூண்டுல செத்தா யாரு பதில் சொல்றது?" என்றாள் விஜயராணி. அவர் அவளை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். பனியன் கம்பெனியில் செக்கிங் என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு.

ஆட்கள் வலையை விரித்துக்கொண்டு சுற்றி வளைத்தார்கள். பாறு ஓடிப்போய் எழும்பப் பார்த்தது. முடியவில்லை. வயிறு முட்டத் தின்ற பாறு சட்டென்று பறக்காது. பாரம் குறையத் தின்றதையெல்லாம் கக்கியது. மறுபடி ஓடியது. இறக்கையை அடித்தது. இடுப்புயரத்துக்குக்கூட எழும்பவில்லை. நேற்று, பட்டினியாக இருந்தபோது வந்திருந்தால் எழும்பி மரத்திலாவது ஏறியிருக்கும் என்று கீதாஞ்சலி முணுமுணுத்தாள். வலை விழுந்தது.

தான்தான் அதற்கு இரை போட்டோம், அதனால்தான் அகப்பட்டது என்று விஜயராணி நினைத்துக்கொண்டாள். ஜீப் போன புழுதியில் நின்று கீதாஞ்சலி தோளைத் தொட்டாள். "போடாம இருந்தா செத்திருக்கும்க்கா." அது உண்மை என்று இவளுக்கும் தெரியும். உண்மையாக இருந்தும் அது அவளைத் தேற்றவில்லை.

கம்பெனிக்குத் திரும்பியபோது நேவி ப்ளூ லாட் முழுவதும் ஷேடு மாறிப் பெட்டியில் ஏறியிருந்தது. தரணீதரன் திட்டவில்லை. "பிரிச்சுப் பாத்துருங்க்கா" என்று மட்டும் சொன்னான். பெட்டி பெட்டியாகப் பிரித்து, பீஸ் பீஸாகப் பார்த்து, பிரித்ததை மறுபடி அடுக்கினாள். டெய்லர்கள் இப்போது அவளைக் "கழுகக்கா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பறவையைத் திருப்பித் தர வேண்டும் என்று கீதாஞ்சலியின் ஆட்கள் எழுதினார்கள். எந்த மாநிலம் முதலில் உத்தரவு போடுவது என்று இரண்டு பக்கமும் கடிதம் போய்வந்தது. விஜயராணி வாரம் தவறாமல் மறுவாழ்வு மையத்துக்குப் போன் போடுவாள். "நல்லா இருக்குதுங்க, நல்லாச் சாப்பிடுதுங்க" என்பார்கள். எப்போது வெளியே விடுவீர்கள் என்றால், "ஃபைல் போயிருக்குதுங்க." பார்க்க வரலாமா என்றால், பொதுமக்களுக்கு அனுமதியில்லை. கூண்டின் உயரம் எவ்வளவு, இறக்கையை விரிக்க இடமிருக்கிறதா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தாள். சில சமயம் லைன் கட்டாகிவிடும்.

தை மாதம் பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த வாரம், கிட்டுசாமி போனில் கூப்பிட்டார். மறுபடியும் நாய் பட்டிக்குள் வந்துவிட்டதாம்.

"அந்தப் பறவையை உட்டுட்டாங்களா அம்மிணி, இந்தப் பக்கம் எங்காச்சும் சுத்துதுங்களா? கேட்டுட்டுச் செய்யலாமுன்னு கூப்புட்டேன்."

எதைச் செய்ய என்று அவள் கேட்கவில்லை. சுற்றுகிறது என்று ஒரு பொய் சொன்னால் விஷம் வைக்க மாட்டார். ஒரு கணம் அது நாக்கில் வந்து நின்றது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "இல்லீங்க. இன்னும் கூண்டுலதான் இருக்கு."

"அடப் பாவமே!" என்றார் கிட்டுசாமி. "நாயைப் புடிங்க புடிங்கன்னு கால்ல விழுகாத கொறையாக் கேட்டோம். ஆளில்லை, வண்டியில்லைன்னாங்க. அந்தக் கழுகைப் புடிக்க ஒரு ஜீப்பு ஆளு வந்தாங்களே!"

விஜயராணிக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மருந்து வைக்காதீர்கள் என்று அவள் சொன்னதற்கு, "பாக்கறேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டாள். முனீஸ் ஏன் என்று கேட்கவில்லை, மத்தியானச் சோற்றைக் கட்டிக் கொடுத்தான். சோளக்காட்டில் இப்போது கொள்ளு முளைத்துப் பச்சையாக இருந்தது. வரப்போரம் புது மண் மேடு ஒன்று, நாய் தோண்டாமலிருக்க மேலே முள் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்டைப் புதைத்திருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு லேசானது.

"நான்தான் புதைக்கச் சொன்னேன் கண்ணு" என்றாள் ரங்காத்தாள். "இவரு போன தடவை வெச்ச மாதிரி வெச்சாருன்னா, நம்மூட்டு நாய் போயித் தின்னுருமில்ல? குட்டியில இருந்து வளத்தது."

பறவைக்காக இல்லை. சரி, எதற்காகவோ, புதைத்தார்களே என்று விஜயராணி சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தாள். முழுக்க முடியவில்லை. டம்ளரில் பால் குடித்து வளர்ந்த குட்டி இப்போது கொழுத்துப்போய் அவள் சேலை நுனியை மென்றுகொண்டிருந்தது. அதை விலக்கிவிட்டு, அந்த வலி ஊசி பற்றி இன்னும் போய்ச் சொல்லாத, தாராபுரத்தில் புதிதாகத் திறந்த கால்நடை மருந்துக்கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கிட்டுசாமியிடம் கேட்டாள். அவர் வழி சொன்னார். அடுத்த தாராபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் வேகமாக நடந்தாள்.